மருத்துவர் பதில்கள்: தலைச்சுற்றல், அசதி, வயிற்றுக் கோளாறு

கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து வந்து சேர்ந்த கடிதங்களில் பெரும்பாலானவை தலைச்சுற்றல், உடல் அசதி, வயிற்று உபாதை ஆகிய மூன்றையும் சேர்த்தே சொல்கின்றன. எழுதியவர்களில் அநேகர் காரணத்தையும் தாங்களே தீர்மானித்துவிட்டார்கள்: வாயு, பித்தம், அல்லது 'உடம்பில் சத்து இல்லை'. எந்த நேரத்தில், உடல் எந்த நிலையில் இருக்கும்போது, என்ன செய்கையில் தலை சுற்றுகிறது என்பதைச் சிலர் மட்டுமே எழுதியிருக்கிறார்கள். மருத்துவருக்கு முதலில் வேண்டிய தகவல் அதுதான். நேரமும் நிலையும் மாறினால் காரணம் எப்படி மாறிவிடுகிறது என்பது கீழே உள்ள கடிதங்களைப் படித்தாலே விளங்கும்.

கேள்வி: எனக்கு வயது 42. குடியாத்தத்தில் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றுகிறேன். சில மாதங்களாக, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தால் கண் இருட்டுகிறது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்குகிறது. வயிறு உப்புசம், புளித்த ஏப்பம், பசியின்மை எல்லாம் இருக்கின்றன. இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது வழக்கம். இரண்டு முறை குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டேன். அன்று தெம்பாக இருந்தது, மறுநாள் பழையபடிதான். கேஸ் மாத்திரை தினமும் சாப்பிடுகிறேன். இது வாயுவினால் வருவதா, அல்லது தலையில் ஏதாவது கோளாறா? ஸ்கேன் எடுக்க வேண்டுமா, டாக்டர்?

பதில்: அம்மா, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இப்போதைக்குத் தலை ஸ்கேன் தேவைப்படாது. உங்களுக்கு முதலில் தேவை ரத்தப் பரிசோதனை. அதிலும் ஹீமோகுளோபின் அளவு எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வேறு எந்தச் செலவும் செய்ய வேண்டாம். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இதைக் காசில்லாமல் பார்த்துவிடலாம். கருவுறாத பெண்களுக்கு இந்த அளவு 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை என்றும், 8 கிராமுக்குக் குறைந்தால் கடுமையான ரத்தசோகை என்றும் கொள்கிறோம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. எழுந்தால் கண் இருட்டுவதும், குடம் தூக்கினால் மூச்சு வாங்குவதும், நாள் முழுவதும் அசதியாக இருப்பதும் ஒரே ஆளிடம் சேர்ந்து காணப்படும்போது முதல் சந்தேகம் இதன் மீதுதான் விழ வேண்டும்.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் அந்த இடுப்பு வலி மாத்திரைதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. மருந்துக்கடைகளில் வலிக்கென்று சீட்டில்லாமல் கொடுக்கப்படும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்றவை வலியைக் குறைப்பதோடு, இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் பொருள்களின் உற்பத்தியையும் தடுத்துவிடுகின்றன. வெறும் டீயைக் குடித்துவிட்டு இவற்றை அடிக்கடி விழுங்கி வந்தால் இரைப்பையில் புண் உண்டாகி, அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவில் நாள்தோறும் ரத்தம் கசியக்கூடும். அப்படிக் கசிகிறவருக்கு மேல்வயிற்றில் உப்புசமும் ஏப்பமும் முதலில் வரும், சில மாதங்கள் கழித்து அசதி வரும், அதன் பிறகு தலைச்சுற்றல் வரும். மூன்றும் தனித்தனி நோய்கள்போலத் தோன்றினாலும் ஒரு மாத்திரை அட்டையிலிருந்து தொடங்கியவையாக இருக்கலாம். ஆகவே மருத்துவரிடம் போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், காலி அட்டையாக இருந்தாலும், ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மலம் எப்போதாவது தார்போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, வழக்கத்துக்கு மாறான நாற்றத்துடன் போனால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ சென்றுவிட வேண்டும்.

மாதவிலக்கைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. நாற்பதை ஒட்டிய வயதில் கர்ப்பப்பை நார்க்கட்டியினாலோ ஹார்மோன் மாற்றங்களினாலோ ரத்தப்போக்கு அதிகமாவது சகஜம். ஏழு நாளைத் தாண்டிப் போகிறதா, கட்டி கட்டியாகப் படுகிறதா, ஒரு நாப்கின் ஒரு மணி நேரம்கூடத் தாங்குவதில்லையா என்று யோசித்துப் பாருங்கள். 'இந்த வயதில் அப்படித்தான் இருக்கும்' என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுவார்கள். அந்த ஆறுதலை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்ட பெண்கள் ஆறு கிராம் ஹீமோகுளோபினோடு வந்து நிற்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

உங்கள் தொழிலின் பங்கும் இதில் உண்டு. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்துவிட்டுச் சட்டென்று எழும்போது ரத்தம் கால் பக்கம் தேங்கி, தலைக்குப் போவது சில நொடிகள் குறைகிறது. எண்ணிக்கை முடிய வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமலும், சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்குமே என்று தவிர்த்தும் இருந்தால் இந்தக் குறை இன்னும் அதிகமாகும். வேலூர்ப் பக்கத்து மே மாத வெயிலில், தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்திருப்பவர் எழுந்து நடக்காவிட்டாலும் வியர்வையில் நிறையத் தண்ணீரை இழக்கிறார். எழுவதற்கு முன் கால்களை நீட்டி, கணுக்காலை முன்னும் பின்னுமாகப் பத்துப் பதினைந்து முறை அசைத்து, ஒரு முட்டியை ஊன்றிச் சற்று நிதானித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுங்கள். மருத்துவரிடம் படுத்த நிலையில் ஒரு முறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறையும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மேல் அளவு 20 புள்ளிகளோ கீழ் அளவு 10 புள்ளிகளோ இறங்கினால் அதற்கென்று காரணம் தேட வேண்டியிருக்கும். புகையிலைத் தூளில் உள்ள நிகோட்டின் மூச்சு வழியாகவும் ஈரக் கையின் தோல் வழியாகவும் உடலுக்குள் சென்று குமட்டலையும் தலைச்சுற்றலையும் உண்டாக்கக்கூடியது என்பதால், காற்றோட்டமான திண்ணையில் உட்கார்ந்து சுற்றுவதும், சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் கட்டாயம்.

குளுக்கோஸ் ஏற்றிக்கொண்ட அன்று தெம்பாக இருந்தது என்கிறீர்கள். உண்மைதான், உடலில் தண்ணீர் சேர்ந்ததால் அப்படி இருந்திருக்கும். அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்து தேக்கரண்டி; அதிலிருந்து ஏறத்தாழ நூறு கலோரி கிடைக்கும். இரும்புச்சத்தோ புரதமோ அதில் துளியும் கிடையாது. வாயால் குடிக்க முடிகிறவருக்கு இதை ஏற்றுவது, என்னைக் கேட்டால், பணத்தைக் கரைக்கும் வேலை.

இனி உணவுக்கும் மாத்திரைக்கும் வருவோம். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நல்லவையே, ஆனால் தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தில் சிறு பகுதியைத்தான் குடல் உறிஞ்சுகிறது. கூடவே எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா என்று ஏதாவது ஒன்று சேர்ந்தால் உறிஞ்சுவது கூடும். சாப்பாட்டோடு டீயோ காபியோ சேர்ந்தால் அது வெகுவாகக் குறையும். டீயை விட்டுவிடுங்கள் என்று சொன்னால் கேட்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ தள்ளிக் குடித்தால் போதும். அசைவம் சாப்பிடுகிறவராக இருந்தால் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் கீரையைவிட விரைவாகப் பலன் தரும். ஹீமோகுளோபின் குறைவென்று தெரிந்தபின் உணவு மட்டும் போதாது, இரும்புச்சத்து மாத்திரை அவசியம். அரசு வழங்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அதைச் சாப்பிட்டால் மலம் கறுப்பது இயல்பு. ஆனால் அது கெட்டியாக இருக்கும், தார்போல ஒட்டாது. வயிற்றைப் புரட்டினாலோ மலச்சிக்கல் வந்தாலோ மாத்திரையை நிறுத்திவிடாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பலருக்கு அப்படிச் சாப்பிடுவது வயிற்றுக்கும் இதமாக இருக்கிறது, உறிஞ்சலும் குறைவதில்லை. ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும், இல்லாவிட்டால் உடலின் இருப்பு நிரம்பாது.

கேஸ் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. புண் இருக்கிறதென்று மருத்துவர் கருதினால் குறிப்பிட்ட வாரங்களுக்கு அது தேவைதான், அதையும் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் சாப்பிட வேண்டும். வருடக்கணக்கில் தானாகவே வாங்கிச் சாப்பிட்டு வந்தால் இரைப்பை அமிலம் குறைந்து, இரும்புச்சத்தும் வைட்டமின் பி12-ம் உறிஞ்சப்படுவது பாதிக்கப்படும். ஹீமோகுளோபின் சரியாக இருந்து அசதி மட்டும் தொடர்ந்தால் அடுத்ததாகத் தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், பி12 ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வேன். அந்தக் கட்டம் வரட்டும்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 68, காட்பாடியில் வசிக்கிறேன். அதிகாலையில் படுக்கையில் வலப்பக்கம் திரும்பினால் அறையே சுழல்கிறது. வாந்தி வருகிறது. அரை நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லிப் பட்டை போட்டிருக்கிறார்கள். தலைச்சுற்று மாத்திரையும் மூன்று வேளை சாப்பிடுகிறேன். குணமில்லை.

பதில்: ஐயா, திரும்பிப் படுக்கும்போது வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும் சுழற்சி பெரும்பாலும் உட்காதைச் சேர்ந்தது. உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பில் இருக்கும் நுண்ணிய கால்சியம் துகள்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், தலையை அசைக்கும்போதெல்லாம் அவையும் உருண்டு, உடல் சுற்றுவதாக மூளைக்குத் தவறான செய்தி போகிறது. அறுபதைத் தாண்டிய பெரும்பாலோருடைய கழுத்து எக்ஸ்ரேயிலும் தேய்மானம் தெரியும்; தெரிகிற காரணத்தாலேயே அதைக் குற்றவாளியாக்கிவிட முடியாது.

இதற்கு எப்லி முறை என்ற எளிய சிகிச்சை இருக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர் உங்களைப் படுக்கவைத்து, தலையை ஒரு குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் திருப்பி, துகள்களைப் பழைய இடத்துக்கே கொண்டு போய்ச் சேர்ப்பார். சில நிமிட வேலை. பலருக்கு ஓரிரு அமர்விலேயே சரியாகிவிடுகிறது. எந்தக் காது என்று தெரியாமல் செல்போன் காணொளியைப் பார்த்து நீங்களே தொடங்க வேண்டாம். நீங்கள் சாப்பிடும் மாத்திரை புரோகுளோர்பெரசின் என்றால், வாந்தி இருக்கும் ஓரிரு நாளைக்கு மட்டுமே அது பொருந்தும். முதியவர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டால் கை நடுக்கமும் நடையில் தளர்ச்சியும் வரக்கூடும். அட்டையைப் பார்த்துவிட்டு, எழுதிக்கொடுத்தவரிடமே நிறுத்துவது குறித்துக் கேளுங்கள்.

ரத்த அழுத்த மாத்திரையோடு புராஸ்டேட்டுக்காக டாம்சுலோசினும் சாப்பிடுகிறவராக இருந்தால், இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது கட்டிலின் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுவது நல்லது. சுழற்சியோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, வாய் கோணல், நடக்க முடியாத தள்ளாட்டம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

கேள்வி: ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன், வயது 29. சென்ற வாரம் ஒரு கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து இரண்டு நாள் வயிற்றுப்போக்கும் வாந்தியும். இப்போது நின்றுவிட்டது, ஆனால் நின்று வேலை பார்த்தால் தலை சுற்றுகிறது. கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். குடித்தேன். மறுபடி இப்படி வந்தால் என்ன செய்வது?

பதில்: தம்பி, நீங்கள் இழந்த தண்ணீரும் உப்பும் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. சிறுநீர் வெளிர் மஞ்சளாகவும் வழக்கமான அளவிலும் போகும்வரை உப்புப் போட்ட மோர், கஞ்சித் தண்ணீர், கேழ்வரகுக் கூழ் என்று ஏதாவது ஒன்றை அடிக்கடி குடித்துக்கொண்டிருங்கள்.

கடையில் அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு வரும் பானத்தை வாங்கியிருந்தால் அது உண்மையான ஓ.ஆர்.எஸ். அல்ல. பலவற்றில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. அப்படிப்பட்ட பானங்கள் தங்கள் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. மருந்துக்கடையில் கிடைக்கும் பொட்டலத்தில் 'உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். கொஞ்சம் தூளை ஒரு டம்ளரில் போட்டுக் குடிப்பதும், சுவைக்காகச் சர்க்கரை சேர்ப்பதும் தவறு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பொட்டலம் கிடைக்காத வேளையில், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளலாம். உப்பு மட்டும் கூடிவிடக் கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஒவ்வொரு வாயாக மறுபடி கொடுக்க வேண்டும். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலானபிஸ் இந்த எளிய கரைசலை வாளி வாளியாகக் கலக்கிக் கொடுத்துத்தான் ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார்.

போக்கை நிறுத்தும் மாத்திரையைக் காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருக்கும்போது போடவே கூடாது. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, குடித்ததெல்லாம் வெளியே வருவது, தூக்கக் கலக்கமாகவே கிடப்பது ஆகியவை மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். வீட்டில் ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு இப்படிப் போக்கு வந்தால், அந்த மாத்திரைகளில் எதை அன்றைக்கு நிறுத்திவைக்க வேண்டும் என்று மருத்துவரிடம் போனிலாவது கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மேல்விஷாரத்திலிருந்து எழுதுகிறேன். வயது 57. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறேன். நோன்பு நாட்களில் அஸர் (பிற்பகல் தொழுகை) நேரத்துக்கு மேல் வியர்த்துக்கொட்டி, கை நடுங்கி, தலை சுற்றுகிறது. அடுத்த ரமலானில் நோன்பு வைக்கலாமா?

பதில்: இது சர்க்கரை இறங்குவதன் அடையாளம். நீங்கள் சாப்பிடும் இரண்டில் அப்படி இறக்கக்கூடியது கிளிமிபிரைடு. ரமலான் தொடங்குவதற்கு ஓரிரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரகப் பரிசோதனையும் செய்து, மாத்திரையின் அளவையும் நேரத்தையும் அவர் மாற்றித் தருவார். சிலரை நோன்பு வேண்டாமென்றே சொல்வார், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். நோன்பின்போது விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே ஆலிம்கள் பெரும்பாலோரின் கருத்து. அளவு 70-க்குக் கீழே போனாலோ 300-க்கு மேலே போனாலோ, இஃப்தாருக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறதென்றாலும், நோன்பை முறித்துவிட வேண்டும். 70-க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். மெட்ஃபார்மினைப் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவதுண்டு. பாதத்தில் எரிச்சலோ மதமதப்போ இருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆரணியில் பட்டு நெசவு, வயது 54. சோளிங்கர் மலைக்கு ரோப் கார் வந்த பிறகும் படியேறித்தான் போவேன். இந்த முறை பாதிப் படியில் மேல்வயிறு அடைத்து, வியர்த்து, தலை கிறுகிறுத்தது. உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. இப்போது தறியிலிருந்து எழுந்து வேகமாக நடந்தாலும் அப்படி வருகிறது. சோடா குடித்தால் ஏப்பம் வந்து சற்று இலேசாகிறது. வாயுவுக்கு நல்ல மருந்து சொல்லுங்கள்.

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்த அன்றே உங்களுக்குத் தபாலில் பதில் அனுப்பச் செய்தேன், மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் இங்கும் எழுதுகிறேன். ஏறும்போது வந்து, நின்றால் போய்விடும் அடைப்பு வாயுவால் வருவதில்லை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் அடைப்பு இருக்கிறதோ என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஏப்பம் விட்டால் இலேசாகிறது என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது, ஏனென்றால் அந்த நேரத்தில் நீங்கள் உட்கார்ந்து ஓய்வெடுத்திருக்கிறீர்கள், ஓய்வுதான் இலேசாக்கியது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் அசதி, குமட்டல், வியர்வை என்று மட்டும் மாரடைப்பு வருவதுண்டு.

அவசர மருந்துப் பெட்டியில் தேடாமல், இன்றே இ.சி.ஜி. எடுங்கள். ஓய்வில் எடுத்த இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் அதோடு திரும்பிவிடாமல், படியில் என்ன நடந்தது என்பதை மருத்துவரிடம் எனக்கு எழுதியது போலவே சொல்லுங்கள். அடுத்து என்ன பரிசோதனை என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார். அதுவரை படியேறுவதும் பாரம் தூக்குவதும் வேண்டாம். உட்கார்ந்த பிறகும் அடைப்பு பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாமல் 108-ஐ அழையுங்கள்.